பலர் கைப்பட்ட பணியும் பங்களிப்போரை அறிதலும்

ஏட்டிலிருந்து அச்சுக்கும், அச்சிலிருந்து கணினித் திரைக்குமாகத் தமிழ் இருமுறை பெயர்ந்திருக்கின்றது. முதற் பெயர்ச்சியில் பொறுப்பாளர் யார் என்பதில் எவருக்கும் ஐயம் இருந்ததில்லை. 1887ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியும், 1894ஆம் ஆண்டில் புறநானூறும் அச்சேறியபோது பாடத்துக்குப் பொறுப்பு உ.வே. சாமிநாதையர் என்னும் ஒருவருடையதாகவே இருந்தது. சுவடி உதவியோர் பலர். ஒப்புநோக்கத் துணைநின்றோர் பலர். ஆயினும் இதுவே பாடம் எனத் துணிந்தவர் ஒருவர். இரண்டாம் பெயர்ச்சி அத்தகையதன்று. தட்டெழுதுபவர் ஒருவர், மெய்ப்புப் பார்ப்பவர் மற்றொருவர், பின்னர் வந்து திருத்துபவர் வேறொருவர். ஒருவர் யாழ்ப்பாணத்தவராக இருப்பார். ஒருவர் சிங்கப்பூரில் பணிபுரிபவராக இருப்பார். ஒருவர் நம் மதுரைச் சீமைச் சிற்றூர் ஒன்றிலிருந்து கல்லூரிக்கு வரும் மாணவியாக இருப்பார். ஒருவர் முகத்தை ஒருவர் கண்டதில்லை.

இவ்வாறு பலர் கூடிச் செய்யும் இணையப் பணியில் தரத்தைக் காப்பது எங்ஙனம் என்னும் வினாவுக்குக் கணினி அறிஞர் தரும் விடை எளியது. ஒரே பணியைப் பலரிடம் கொடு, விடைகளை எண்ணு, பெரும்பான்மையை ஏற்றுக்கொள். இவ்விடை பாதி விடையே என்பதும், பங்களிப்பவர் எதனை அறிந்தவர், எந்நோக்கத்தால் வந்தவர் என்று அறிவது அதன் மறுபாதி என்பதும் நம் கருத்து. அம்மறுபாதியைக் கைவிட்டால் முதலில் இழப்புக்கு ஆளாவது சிறுபான்மையோர் நாவில் வழங்கும் தமிழே. ஆதலின் இதனை இம்மலரில் எழுத நேர்ந்தது.

பசுமலையிலிருந்து இதனைச் சிந்திப்பதில் ஒரு பொருத்தமும் உண்டு. நாவலர் சோமசுந்தர பாரதியார் வாழ்ந்த ஊர் இது. அமெரிக்க மதுரை மிஷனாரின் லெனாக்ஸ் அச்சகம் இயங்கிய ஊரும் இதுவே. அம்மிஷனைச் சேர்ந்த ஜே.எஸ். சாண்ட்லர் என்பாரே சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் முதற் பதிப்பாசிரியர். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த அப்பேரகராதி ஒருவர் வாழ்நாளில் ஒருவர் கையால் முடிந்த பணியன்று. வையாபுரிப் பிள்ளையவர்கள் கையில் நிறைவெய்துமுன் பலர் கை மாறியது. அச்சகம் என்று சொன்னோம். ஈய எழுத்தைக் கோத்த அக்காலத்து அச்சகங்களில் அச்சுக் கோப்போர் பலர் இருப்பர். எவர் கோத்த பக்கத்தில் ளகரமும் ழகரமும் மயங்கும், எவர் கோத்த பக்கத்தில் ஒற்று விடுபடும் என்பது மெய்ப்புத் திருத்துபவருக்குக் கைவந்த செய்தி. அவர் எல்லாப் பக்கங்களையும் ஒரே கண்ணால் பார்த்தவரல்லர். தரம் என்பது அங்கே ஆளை அறிந்து காக்கப்பட்டது.

நம் நகரின் பெயரைத் தாங்கியும் நம் நகரில் பிறவாதது மதுரைத் திட்டம். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்ற இத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள். ஒருங்குறி எழுத்துமுறை பரவாத காலத்திலேயே தன்னார்வலர் பலர் தமிழ் நூல்களைத் தட்டெழுதி, வேறு சிலர் மெய்ப்புப் பார்த்து, உலகத்தார் எவரும் விலையின்றிப் பெறுமாறு வைத்தனர். உமறுப்புலவரின் சீறாப்புராணமும் அவ்வரிசையில் இடம்பெற்றுள்ளது. இத்திட்டத்தில் நம்மைக் கவர்வது ஒரு சிறு வழக்கம். மின்னூலின் முகப்பில் அதனைத் தட்டெழுதியவர் பெயரும் மெய்ப்புப் பார்த்தவர் பெயரும் நன்றியோடு குறிக்கப்படும். அது வெறும் நன்றியுரை மட்டுமன்று. ஐயம் எழுந்தால் யாரிடம் கேட்பது என்பதற்குரிய சான்றும் ஆகும்.

விக்கிமூலம் இதனை மேலும் ஒழுங்குபடுத்தியது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் வாயிலாக நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவை 2016ஆம் ஆண்டளவில் அங்கே ஏற்றப்பெற்றன. எழுத்துணரிக் கருவி படத்திலுள்ள பக்கத்தை எழுத்தாக மாற்றித் தரும். மனிதர் அதனைப் படத்தோடு ஒப்புநோக்கித் திருத்துவர். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் திருத்திய பக்கம் மஞ்சள், இரண்டாமவர் சரிபார்த்த பக்கம் பச்சை. மஞ்சளாக்கியவரே அதனைப் பச்சையாக்க இயலாது என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த இரண்டாமவர் முதலாமவர் அறியாததை அறிந்தவர்தாமா என்பதை விதி கேட்பதில்லை. ஒரே குறையுடைய இருவர் பார்த்தாலும் பக்கம் பச்சையாகிவிடும்.

எண்ணிக்கையை மட்டும் நோக்கிய பெருமுயற்சி ஒன்று தமிழில் நடந்து, அதனின்று கற்க வேண்டிய பாடமும் கிடைத்திருக்கின்றது. 2009ஆம் ஆண்டளவில் கூகுள் நிறுவனம் ஆங்கில விக்கிப்பீடியாக் கட்டுரைகளைத் தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி, வங்காளம் முதலிய மொழிகளில் பெயர்க்கத் தொடங்கியது. கூலிக்கு அமர்த்தப்பெற்ற மொழிபெயர்ப்பாளர் அந்நிறுவனத்தின் கருவியைத் துணைக்கொண்டு கட்டுரைகளை ஆக்கி விக்கிப்பீடியாவில் இட்டனர். தமிழ் விக்கிப்பீடியாவோ 2003ஆம் ஆண்டு முதல் மயூரநாதன் போன்றோரின் பொறுமையான உழைப்பால் சிறுகச் சிறுக வளர்ந்து வந்தது. அங்கிருந்த தன்னார்வலர்க்கு, கட்டுரைகள் குவியத் தொடங்கிய பின்னரே செய்தி தெரிந்தது. குவிந்தவற்றுள் பல மேலைநாட்டுப் பாடகரையும் திரைப்படங்களையும் பற்றியவை. தமிழர் தேடிப் படிக்கும் பொருள்கள் அல்ல. வாக்கியங்களோ தமிழ்ச் சொற்களால் ஆன ஆங்கிலம். பிழையைச் சுட்டி எழுதினால் மறுமொழி வருவதும் அரிது.

இதனைத் தமிழ் விக்கிப்பீடியர் எதிர்கொண்ட முறையே நாம் வியந்து நோக்கத்தக்கது. வங்காள விக்கிப்பீடியர் இத்தகைய கட்டுரைகளை ஏற்க மறுத்தனர். அதுவும் ஒரு நெறியே. தமிழர் முற்றாகக் கதவடைக்கவில்லை. நிறுவனத்தாரோடு பேசினர். எத்தலைப்புகள் தமிழுக்கு வேண்டும் என்று தாமே பட்டியல் தந்தனர். மொழிபெயர்ப்பாளரோடு நேரே உரையாட வழி கேட்டனர். இட்ட கட்டுரைகளை அவர்களே வந்து திருத்த வேண்டும் என்றனர். 2010ஆம் ஆண்டு போலந்து நாட்டின் குதான்ஸ்க் நகரில் நடந்த விக்கிமேனியா மாநாட்டில் தமிழ் விக்கிப்பீடியர் ஒருவர் இம்முயற்சியின் நிறைகுறைகளை ஆய்வுரையாகவே படைத்தார். 2011ஆம் ஆண்டளவில் முயற்சி நின்றுபோயிற்று. மொழிபெயர்த்தோரைத் தமிழறியாதார் என இகழ்வது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. அளவுக்குக் கூலி பெறுபவர் சொல்லைச் சுருக்குவாரா? படிப்பவர் யாரென்று தெரியாமல், தம் எழுத்து எங்கே போகிறது என்றும் அறியாமல் எழுதுபவரிடம் எத்தகைய தரத்தை எதிர்பார்க்க முடியும்? குறை அவர்தம் தமிழில் இருந்ததைவிட, அவரை அறியாமலே அவரிடம் பணி வாங்கிய முறையில் மிகுதியாக இருந்தது.

உலகளவில் இம்முறைக்கு வைக்கப்பெற்ற பெயரே ஒரு கதை சொல்லும். 1770ஆம் ஆண்டில் கெம்பலன் என்பார் வியன்னா அரசவையில் சதுரங்கம் ஆடும் பொறி ஒன்றைக் காட்டினார். தலைப்பாகை அணிந்த துருக்கியர் உருவம் காய் நகர்த்தும், காண்போர் வியப்பர். உண்மையில் பெட்டிக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். 2005ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், சிறு சிறு பணிகளை முகமறியாத பல்லாயிரவரிடம் கூலிக்குத் தரும் தன் ஏற்பாட்டுக்கு இப்பொறியின் பெயரையே, 'மெக்கானிக்கல் டர்க்' என்று சூட்டியது. உள்ளே மனிதர் இருப்பது வெளியே தெரியாது என்பதைப் பெயரிலேயே சொல்லிவிட்ட நேர்மையைப் பாராட்டத்தான் வேண்டும்! படங்களைக் கணினிக்கு அடையாளங் காட்டக் கற்பித்த 'இமேஜ்நெட்' என்னும் பெருந்தொகுப்பு 167 நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 49,000 பேரின் கைப்பணி என்பர். இன்று செயற்கை நுண்ணறிவு என்று நாம் வியக்கும் பொருளின் அடித்தளத்தில் இருப்போர் இப்பெட்டிக்குள் இருந்த மனிதர்களே.

அவர்களுடைய தரங்காக்கும் உத்திகளை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2007ஆம் ஆண்டில் வந்த 'ரீகேப்சா' முறையைக் காண்க. இணையத்தில் நுழைபவரிடம் இரு சொற்களைக் காட்டித் தட்டெழுதச் சொல்வர். ஒரு சொல் விடை தெரிந்தது. மற்றது பழைய அச்சுத் தாளிலிருந்து எடுத்த, கணினியால் படிக்கவியலாத சொல். தெரிந்த சொல்லைச் சரியாக எழுதினால் தெரியாத சொல்லையும் நம்புவர். பலர் ஒத்துச் சொன்னால் ஏற்றுக்கொள்வர். நியூயார்க் டைம்ஸ் நாளேட்டின் பழந்தாள்கள் இவ்வாறு எழுத்துருப் பெற்றன. எழுத்து இது, வடிவம் இது என்ற அளவில் இம்முறை வெற்றி பெற்றது. ஏனெனில் அங்கே எழுத்தறிந்தார் அனைவரும் ஒரே அறிவுடையார்.

பொருளறிவு என்று வருங்கால்தான் சிக்கல் எழுகின்றது. 'வெள்ளிக்கிழமை வாப்பா பள்ளிக்குப் போனார்' என்னும் வாக்கியத்தை ஐவரிடம் கொடுத்து, இது எத்துறை சார்ந்தது என்று கேட்பதாகக் கொள்வோம். நால்வர் 'கல்வி' என்பர். ஒருவர் மட்டும் 'வழிபாடு' என்பார். பெரும்பான்மை விதிப்படி அந்த ஒருவர் பிழை செய்தவர். இத்தகைய 'பிழைகள்' நாலைந்து சேர்ந்தால் அவரைத் தகுதியற்றவர் என்று நீக்கியும் விடுவர். உண்மையறிந்த ஒருவரை வெளியேற்றிவிட்டுத் தரம் உயர்ந்தது என்று மகிழ்வதன்றி இது வேறென்ன?

குரல் தொகுக்கும் பணிகளிலும் இவ்வாறே நேரலாம். மொசில்லா அமைப்பு 2017ஆம் ஆண்டில் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டத்தில் தமிழும் உண்டு. இந்திய அரசு 2022ஆம் ஆண்டில் தொடங்கிய பாஷினி திட்டத்திலும் மக்கள் குரலையும் எழுத்தையும் நன்கொடையாகப் பெறும் ஏற்பாடு அமைந்தது. ஒருவர் பேசுவதை மற்றவர் கேட்டுச் சரி, தவறு எனத் தீர்ப்பளிப்பதே முறை. நம் இல்லங்களில் குழம்பை 'ஆணம்' என்பர். பழந்தமிழ்ச் சொல்; பேரகராதியிலும் உள்ளது. கேட்பவர் அதனை அறியாதவராயின் என் செய்வார்? காயல்பட்டினத்து மூதாட்டி ஒருவர் 'உம்மா' என்றும், நம் பகுதி இராவுத்தர் இல்லத்துச் சிறுவன் 'அத்தா' என்றும் கூறுவதை எச்செவி தவறெனத் தள்ளும், எச்செவி கொள்ளும்? 'நோன்பு திறந்தார்' என்பதை 'நோன்பு முடித்தார்' என மாற்ற ஒரு நல்லெண்ணக்காரர் போதும். சீறாப்புராணத்தில் வரும் 'தீன்' என்னும் சொல் எழுத்துணரியின் பிழையென்று கருதி 'தேன்' எனத் திருத்தப்பட்டால், இனிமையான பொருளும் கிடைத்துவிடும், ஓசையும் கெடாது. இரண்டாமவரும் அப்படியே எண்ணினால் பக்கம் பச்சை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான், எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்னும் பழமொழியில் இடம்பெறத் தகுந்த மூன்றாமவர் இந்த நல்லெண்ணத் திருத்தக்காரர்.

பங்களிப்பவரை அறிந்து பணிகொண்டதற்குச் சிறந்த சான்று கணினிக்கு முன்னரே உண்டு. ஆக்சுபோர்டு ஆங்கில அகராதிக்குப் பொதுமக்கள் நூல்களைப் படித்து மேற்கோட் சீட்டுகள் அனுப்பினர். 1879ஆம் ஆண்டில் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மரே வேண்டுகோள் விடுக்கச் சீட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. ஆனால் முன்னர்ச் சேர்ந்திருந்த சீட்டுகளில் ஒரு வேடிக்கை. 'அபியூஷன்' என்னும் வழக்கொழிந்த சொல்லுக்கு ஏறத்தாழ 50 மேற்கோள்கள் இருந்தன. அன்றாடம் வழங்கும் 'அபியூஸ்' என்னும் சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. அரிய சொல்லைக் குறித்தனுப்புக என்று சொல்லியிருந்தமையால் படித்தோர் எளிய சொல்லைக் கண்டுகொள்ளாது விட்டனர். அவர்கள் சோம்பேறிகள் அல்லர், கேட்டதைக் கொடுத்தனர். மரே வேண்டுகோளைத் திருத்தினாரேயன்றி மக்களைப் பழிக்கவில்லை. அவருக்குப் பல்லாண்டு சீட்டனுப்பியவருள் ஒருவர் மைனர் என்னும் அமெரிக்கப் படை மருத்துவர். கொலை செய்து மனநோயர் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்தவர். அவர் தம் அறையிலிருந்த நூல்களுக்குச் சொல்லடைவு செய்து வைத்துக்கொண்டு, இப்போது எச்சொல்லில் பணி நடக்கிறது என்று கேட்டு, அதற்குரிய மேற்கோளை மட்டும் அனுப்புவார். ஆயிரம் பேர் அனுப்பிய பொதுச் சீட்டுகளைவிட இது பயன்பட்டது. அவரை நோயர் என்று ஒதுக்காமல், அவரால் எது முடியும் என்று அறிந்து பயன்கொண்டவர் மரே.

இம்மலரைப் படிக்கும் பெரியோர்க்கு மற்றொரு மரபும் நினைவுக்கு வந்திருக்கும். ஹதீஸ் கலை வல்லார் செய்தியை மட்டும் ஆராய்ந்தாரல்லர்; அதனைக் கொண்டுவந்தவர் வரிசையையும் ஆராய்ந்தனர். அஸ்மாவுர் ரிஜால் என அதற்கெனவே ஒரு துறை எழுந்தது. ஹிஜ்ரி 256ஆம் ஆண்டில் மறைந்த இமாம் புகாரி அவர்கள் தம் புகழ்பெற்ற தொகுப்போடு, அறிவிப்பாளர்களைப் பற்றிய 'தாரீகுல் கபீர்' என்னும் நூலையும் இயற்றினார்கள். சமயஞ்சார்ந்த அக்கலையை நம் உலகியற் பணியோடு ஒன்றாக்குவது நம் கருத்தன்று. அதன் நுட்பம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒருவரை முற்றும் நம்பத்தக்கவர், முற்றும் தள்ளத்தக்கவர் என்று மட்டும் அவர்கள் பிரிக்கவில்லை. நேர்மை வேறு, துல்லியம் வேறு என்று கண்டனர். ஹிம்ஸ் நகரத்து இஸ்மாயீல் இப்னு அய்யாஷ் என்பார் தம் நாட்டவராகிய ஷாம் பகுதியினரிடமிருந்து அறிவித்தவற்றில் ஏற்கத்தக்கவர். ஹிஜாஸ், இராக் பகுதியினரிடமிருந்து அறிவித்தவற்றில் வலுவற்றவர் என்பது அக்கலையாளர் பலர் தந்த தீர்ப்பு. ஆள் ஒருவரே, ஆயினும் தாம் நன்கறிந்த களத்தில் அவர் சொல்லுக்கு ஒரு மதிப்பு, அறியாத களத்தில் வேறு மதிப்பு. ஒருவருக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணைத் தந்து முடித்துவிடும் இன்றைய கணினி ஏற்பாடுகள் பல இந்நுட்பத்தை எட்டவில்லை.

இங்கே ஒரு தடை எழுப்பப்படலாம். சொல்பவர் எவராயினும் சொல்லின் மெய்யைக் காண்பதே அறிவு என்று வள்ளுவர் வகுத்திருக்க, ஆளை ஆராய்வது முறையா? ஆள் பார்த்து மதிப்பிடத் தொடங்கினால் பட்டமுடையார் கையில் பணி சிக்கி, ஆர்வமுள்ள எளியோர் ஒதுக்கப்படமாட்டாரா? தடை பொருளுடையதே. ஆயின் அறிதல் வேறு, தரம் பிரித்து ஒதுக்குதல் வேறு. பங்களிப்பவரின் சாதியையும் பட்டத்தையும் நாம் கேட்கவில்லை. புனைபெயரில் எழுதினும், அவர் முன்பு செய்த திருத்தங்களைப் பார்த்தாலே அவருக்கு யாப்பு வருமா, அறபுச் சொல் தெரியுமா, வட்டார வழக்குப் பழகியவரா என்பது புலப்படும். மேலும், மெய்ப்பொருள் காண்பதற்குப் பொருளை அறிந்த ஒருவராவது அவையில் வேண்டுமன்றோ? பெரும்பான்மைக் கணக்கு அந்த ஒருவரைத்தான் முதலில் வெளியே அனுப்புகின்றது.

நம் மாணவர் பக்கம் வருவோம். சான்றிதழுக்காகவும் பரிசுக்காகவும் ஒரே நாளில் நூறு பக்கம் 'திருத்திய' இளைஞரைக் காண்கின்றோம். அவர்களைக் கடிந்து பயனில்லை. எண்ணிக்கைக்குப் பரிசு என்று அறிவித்தவர் பெரியோர். வேறு சிலர் செயற்கை நுண்ணறிவுக்குப் பயிற்சித் தரவு ஆக்கும் வேலையை ஓய்வு நேரத்தில் கைப்பேசியிலேயே செய்து சிறு வருவாய் ஈட்டுகின்றனர். உழைத்துப் பெறும் ஊதியம் நல்லதே. ஆனால் தம் விடை ஏன் தள்ளப்பட்டது என்று கேட்க அவர்களுக்கு ஓர் இடமில்லை என்றால் அது நல்ல ஏற்பாடன்று. விடையைத் தள்ளும் உரிமை உடையவர் காரணம் சொல்லும் கடமையும் உடையவர். தேர்வுத்தாள் திருத்தும் நமக்கு இது தெரியாததன்று.

துறையளவில் நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மூன்று காண்டங்களும் 5,027 பாடல்களும் கொண்ட சீறாப்புராணத்தின் மின்பாடத்தை நல்ல அச்சுப்பதிப்போடு முறையாக ஒப்புநோக்கலாம். விலாதத்துக் காண்டத்தில் தொடங்குவது எளிது. ஒவ்வொரு பக்கத்துக்கும் மாணவர் இருவர். ஒருவர் யாப்பில் தேர்ந்தவராகவும் மற்றவர் அறபுத் துறை மாணவராகவும் இருத்தல் வேண்டும். இருவர் கருத்தும் ஒவ்வாத இடத்தில் வாக்கெடுப்பு வேண்டா. இரண்டு பாடத்தையும் குறித்து வைத்து, ஊர்ப் பெரியவர்களையும் ஆலிம்களையும் கேட்கலாம். பார்த்தோர் பெயர் பக்கத்தின் அடியில் இருக்கட்டும். ஆணம், பள்ளி, நோன்பு திறத்தல் முதலாக நம் இல்லங்களில் வழங்கும் சொற்களை, எந்த ஊரில் யார் வாய்மொழி என்ற குறிப்போடு மாணவியர் தொகுக்கலாம். பாட்டிமார் இருக்கும் இல்லங்களில் இதனை முதலில் தொடங்க வேண்டும். வாரத்துக்குப் பத்துப் பக்கம் போதும். சான்றிதழ் கேட்போர்க்கு, எத்தனை பக்கம் என்பதை விடுத்து, எவ்வகைப் பிழைகளைக் கண்டறிந்தார் என்பதை எழுதிக் கொடுப்போம். விரும்புவோர் வெள்ளிக்கிழமை தவிர்த்து எந்நாளும் மாலையில் தமிழ்த்துறைக்கு வந்து பெயர் பதியலாம்.